பழைய பீரங்கிகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய போர் ஒன்றைத் தமிழில் எழுதும்போதும் மொழிபெயர்க்கும்போதும் பெரும்பாலும் இரண்டே சொற்களை வைத்துச் சமாளித்துவிடுகிறோம்: பீரங்கி, குண்டு. மோர்ட்டார், ஹோவிட்சர், கல்வெரின், காரனேடு, பம்பார்டு எல்லாமே பீரங்கி ஆகிவிடுகின்றன. அவற்றிலிருந்து வெளிவருவதெல்லாம் குண்டு. படிக்கிறவருக்குச் சத்தமும் புகையும் கிடைக்கும், போர் எப்படி நடந்தது என்பது கிடைக்காது. சுவர் ஏன் விழவில்லை, கப்பல் ஏன் நெருங்கி வந்தது, படை ஏன் காத்திருந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது. அதனால் இதை வெறும் சொல் நுணுக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

சுடுகலனின் பெயரை எழுதுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். குழல் நீளமா, குட்டையா? நேராகச் சுடுகிறதா, வானை நோக்கிச் சுடுகிறதா? உள்ளே போவது கெட்டி உருண்டையா, வெடிக்கும் உருண்டையா?

அடிக்கடி கண்ணில் படும் தவறு மோர்ட்டாரில்தான். பீரங்கிக்கு நீண்ட குழல். குண்டு ஏறக்குறைய நேர்கோட்டில் பாய்ந்து சுவரில் மோதும். மோர்ட்டார் வேறு சாதி. குட்டையாக, வாய் அகன்று, உரல் போல இருக்கும். பெயரும் உரலிலிருந்து வந்ததுதான். பழைய மோர்ட்டார்கள் பலவற்றைக் கனத்த அடிக்கட்டையில் 45 பாகை அளவில் சாய்த்துப் பொருத்திவிடுவார்கள். அப்புறம் சாய்வை மாற்ற வேண்டியதில்லை. தூரம் கூட வேண்டுமென்றால் வெடிமருந்தைக் கூட்டுவார்கள், குறைய வேண்டுமென்றால் குறைப்பார்கள். குண்டு வானில் எழுந்து, மதிலைத் தாண்டி, உள்ளே கூரை மேல் விழும். ஆகவே “மோர்ட்டார்கள் கோட்டைச் சுவரைத் துளைத்தன” என்ற வாக்கியம் தவறு. துளைப்பது பீரங்கியின் வேலை. மோர்ட்டார் சுவரைத் தொடாமலேயே உள்ளே இருப்பவர்களை அடிக்கும். முற்றுகையில் இரண்டையும் சேர்த்து நிறுத்தியதற்கு இதுதான் காரணம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஹோவிட்சர். பீரங்கியைவிடக் குட்டை, மோர்ட்டாரைவிட நீளம். சக்கர வண்டியில் ஏற்றிக் களத்துக்கு இழுத்துப் போகலாம். மேட்டுக்குப் பின்னால் பதுங்கியவர்கள் மேல் வளைவாகக் குண்டைப் போடலாம். 15-ஆம் நூற்றாண்டு ஹுசைட் போர்களில் வழங்கிய ஹௌஃப்னிட்சே என்ற செக் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. இதற்குத் தமிழில் புதிதாக ஒரு பெயரைச் செய்வதைவிட ஹோவிட்சர் என்றே எழுதி, முதல் முறை வரும்போது ஒரே வரியில் விளக்கிவிடுவது நல்லது.

மோர்ட்டாரை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். ‘மோட்டார் குண்டு’ என்று செய்திகளில் எழுதிப் பழகிவிட்டார்கள், இலங்கைப் போர்ச் செய்திகளில் அது நிறையவே வந்தது. பழக்கமில்லாதவர் அதைப் படித்தால் எஞ்சினைத்தான் நினைப்பார். நடுவில் ஒரு ‘ர்’ சேர்த்து எழுதுவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

இனி குண்டு. தமிழில் இந்த ஒரு சொல் துப்பாக்கி ரவைக்கும், பீரங்கி உருண்டைக்கும், விமானம் போடுவதற்கும், யாரோ புதைத்து வைப்பதற்கும் பொதுவாக நிற்கிறது. அதனால் பழைய போர்க் காட்சிகளில் எழுத்தாளர்கள் ஒவ்வொரு குண்டையும் வெடிக்க வைத்துவிடுகிறார்கள். உண்மையில் பழைய பீரங்கிகள் சுட்டவற்றில் பெரும்பகுதி கெட்டி இரும்பு உருண்டைகள், அதற்கும் முன்னால் கல் உருண்டைகள். அவை வெடிக்காது. தரையில் பட்டு, எழும்பி, மறுபடி பட்டு, வரிசையாக நிற்கும் ஆட்களின் ஊடே தத்தித் தத்திப் போகும். வேகம் குறைந்து உருள்வது போலத் தெரிந்தாலும் காலை நீட்டித் தடுத்தவருக்குக் கால் போய்விடும். தரை இறுகியிருந்தால்தான் இப்படித் தத்தும். சேற்றில் விழுந்தால் அங்கேயே புதைந்துவிடும். 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியன் காலையிலேயே தாக்காமல் தாமதித்ததற்கு முந்தைய இரவு மழையில் நனைந்த தரையையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். குண்டு விழுந்ததும் வெடிக்கும் என்று நினைத்துப் படிப்பவருக்கு இந்தக் காரணம் புரியவே புரியாது.

வெடிக்கும் வகை வேறு. உள்ளே குடைந்த இரும்பு உருண்டையில் மருந்தை அடைத்து, ஒரு துளையில் திரி செருகியிருப்பார்கள். சுடும்போது எழும் தீயிலேயே அந்தத் திரி பற்றிக்கொள்ளும். இதை முக்கியமாக மோர்ட்டாரும் ஹோவிட்சரும் சுட்டன. ‘எறிகணை’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது, அதை இதற்கு வைத்துக்கொள்ளலாம். கெட்டி உருண்டையை ‘இரும்புக் குண்டு’, ‘கல் குண்டு’ என்று பொருளைச் சேர்த்துச் சொன்னால் போதும். வெடிக்காத குண்டு தீ வைக்காது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 1782-இல் ஜிப்ரால்டர் முற்றுகையில், உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டைகளைச் சுட்டுத்தான் பிரிட்டிஷார் எதிரியின் மிதவைப் பீரங்கித் தளங்களை எரித்தார்கள். அந்த உருண்டைகள் எதுவும் வெடிக்கவில்லை. மரத்துக்குள் புதைந்து, உள்ளிருந்து எரிய வைத்தன.

சிதறும் வகைகளில் குழப்பம் இன்னும் அதிகம். மெல்லிய தகர டப்பாவில் சிறு உருண்டைகளை நிறைத்துச் சுட்டால், குழலின் வாயைத் தாண்டியதுமே டப்பா கிழிந்து உருண்டைகள் விசிறி போல் பரவும். கிட்டே வந்துவிட்ட காலாட்படைக்கு எதிரான கடைசி ஆயுதம் இது. கித்தான் பையில் இன்னும் பெரிய உருண்டைகளைக் கட்டிச் சுட்டதை அதன் தோற்றத்தால் திராட்சைக் குலை என்றார்கள். சிலர் இதைக் ‘கொத்துக்குண்டு’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அந்தச் சொல் இன்று விமானத்திலிருந்து போடப்படும், பல நாடுகள் ஒப்பந்தம் போட்டுத் தடை செய்திருக்கும் ஆயுதத்துக்கு நிலைத்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டுக் கடற்போரில் அதைக் கொண்டுவந்தால் படிப்பவர் திகைத்துப் போவார். ஷ்ராப்னல் மூன்றாவது வகை. பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி ஹென்றி ஷ்ராப்னல் 1784-இல் உருவாக்கி, 1803-இல் படையில் சேர்க்கப்பட்டது. எறிகணைக்குள் ரவைகளை நிரப்பி, தூரத்தில் எதிரியின் தலைக்கு மேல் வெடிக்கச் செய்வதுதான் இதன் உத்தி. இன்று எந்தச் சிதறலையும் ஷ்ராப்னல் என்கிறார்கள், அது சரி. ஆனால் 1750-இல் நடக்கும் கதையில் அந்தப் பெயர் வரக் கூடாது.

‘கன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் துப்பாக்கி என்று எழுதிவிடுவது இன்னொரு பெரும் பள்ளம். டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் 104 ‘கன்’ கொண்டது. அதை 104 துப்பாக்கிகள் என்று எழுதினால், எண்ணூறு பேர் வேலை செய்த அந்தப் போர்க்கப்பல் ஏதோ காவல் படகு போலாகிவிடும். அவை 104 பீரங்கிகள். நாட்டுத் தலைவர்களுக்குத் தரும் 21 முழக்க மரியாதையும் பீரங்கிகளால் தருவதுதான். இறுதிச் சடங்கில் காவலர்கள் வானை நோக்கிச் சுடுவதுதான் துப்பாக்கி. எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது: நம் செய்திகளில் டாங்கியையும் பீரங்கி என்றே எழுதிவிடுகிறார்கள். டாங்கி 1916-இல்தான் போர்க்களத்தில் இறங்கியது. அதன் மேல் ஒரு பீரங்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

“12 பவுண்டர்” என்று வந்தால் அது பீரங்கியின் எடை அல்ல, அது சுடும் இரும்பு உருண்டையின் எடை. அமெரிக்காவின் 1857 மாதிரி 12 பவுண்டர் பீரங்கியின் குழல் மட்டுமே 550 கிலோவுக்கு மேல். இதில் இன்னொரு சிக்கல், பழைய பிரெஞ்சு பவுண்டு ஆங்கிலப் பவுண்டைவிடக் கனம், ஏறத்தாழ 490 கிராம். ஆகவே பிரெஞ்சுக் கப்பலின் 36 பவுண்டர் உருண்டை ஆங்கிலக் கணக்கில் 39 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். இரு கப்பல்களை ஒப்பிட்டு எழுதும்போது இதை விட்டுவிட்டால் கணக்கே மாறிவிடும். காரனேடு வந்தால் இன்னும் ஜாக்கிரதை. ஸ்காட்லாந்தின் காரன் இரும்பாலை 1770-களில் செய்த குட்டைப் பீரங்கி அது. பெரிய குண்டை மிகக் கிட்டத்தில் மட்டும் வீசும். விக்டரியில் 68 பவுண்டர் காரனேடுகள் இரண்டு இருந்தன. பெரிய எண்ணைப் பார்த்து நெடுந்தூரம் சுடும் என்று எழுதிவிட வேண்டாம். பிரிட்டிஷ் கடற்படை பல காலம் இவற்றைக் கப்பலின் பீரங்கிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கல்வெரின் நேர் எதிர்: ஒல்லி, நீளம், சிறிய குண்டு. பெயருக்கு மூலம் பாம்பைக் குறிக்கும் லத்தீன் சொல். அந்தக் காலத்தில் சிறு பீரங்கிகளுக்கு வேட்டைப் பறவைகளின் பெயர்களையும் வைத்தார்கள்: ஃபால்கன், ஃபால்கனெட், சேக்கர். இவற்றை ராஜாளி, பருந்து என்று மொழிபெயர்த்தால் கோட்டைச் சுவர் மேல் பறவைகள் உட்கார்ந்துவிடும். பெயரை அப்படியே விட்டு, சிறு பீரங்கி என்று பக்கத்தில் சேர்ப்பதே வழி.

பம்பார்டு இவற்றுக்கெல்லாம் மூத்தது. கல் உருண்டை வீசும் ராட்சதக் கருவி. 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளின் மதிலை உடைக்க ஹங்கேரியரான ஓர்பன் துருக்கிய சுல்தானுக்கு வார்த்துத் தந்தது இந்த வகை. எடின்பரோவில் இருக்கும், 1449-இல் செய்த மான்ஸ் மெக்கும் இதுவே. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி வளையம் போட்டு இறுக்கிய குழல் அது. மாஸ்கோவில் உள்ள 1586-ஆம் ஆண்டு ஜார் பீரங்கியின் வாய் 89 சென்டிமீட்டர் அகலம். அதன் முன்னால் அடுக்கியிருக்கும் இரும்பு உருண்டைகளின் படத்தைப் போட்டு, இவற்றைத்தான் அது சுட்டது என்று எழுதுகிறார்கள். அவை 19-ஆம் நூற்றாண்டில் அலங்காரத்துக்கு வார்த்தவை, குழலுக்குள் நுழையவே நுழையாது.

காலம் பிசகும் தவறுதான் என்னை அதிகம் வருத்துவது. சிலப்பதிகாரம் மதுரை மதில்மேல் இருந்த கருவிகளை வரிசையாகச் சொல்கிறது: வளைவிற் பொறி, கல்லுமிழ் கவண், காய்ச்சிய எண்ணெய், ஐயவித் துலாம். எல்லாமே நாண், நெம்புகோல், எடை, சூடு ஆகியவற்றால் இயங்குபவை. இவற்றைப் பீரங்கிக்கு முன்னோடி என்று பெருமைப்படுத்தத் தேவையே இல்லை. அவற்றின் பெயர்களே போதுமான பெருமை. வடமொழி இதிகாசங்களில் வரும் சதக்னி என்ற ஆயுதத்தைப் பீரங்கி என்று எழுதுவதும் இதே வகை. வெடிமருந்துக் கலவைகள் 1044-இல் தொகுத்த சீனப் படைநூல் ஒன்றில்தான் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவில் பீரங்கியின் ஓவியம் கிடைப்பது 1326-இல். ஆகவே சங்க காலக் கதைக்குக் கவண், பொறி என்றே எழுதுங்கள்.

பீரங்கி என்ற சொல் பரங்கியரிடமிருந்து வந்தது என்பது சரி. ஆனால் அதை வைத்து, 1498-இல் வாஸ்கோ ட காமா வருவதற்கு முன் இந்தியாவில் வெடிமருந்து ஆயுதமே இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. பெயர் ஒரு குறிப்பிட்ட வகைக்கு வந்து, பிறகு எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொண்டது. பாபரின் நினைவுக் குறிப்புகளிலும் ஃபிரங்கி என்பது பல சுடுகலன்களுள் ஒன்றாகத்தான் வருகிறது. அதேபோல் 1780-இல் பொள்ளிலூரில் மைசூர்ப் படை ஏவியதை ஏவுகணை என்று எழுதாதீர்கள். இன்று ஏவுகணை என்றால் வழிநடத்தும் கருவி உள்ளே இருக்கும். அவை இரும்பு உறையில் மருந்து அடைத்து மூங்கிலில் கட்டிய வாணங்கள். வாணம் என்றோ ராக்கெட் என்றோ எழுதலாம்.

சுடும் காட்சியிலும் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பழைய பீரங்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு விசை கிடையாது, தீக்குச்சியும் கிடையாது. உரசும் தீக்குச்சியே 1820-களில் வந்ததுதான். ஈரத் துடைப்பானால் குழலைத் துடைத்து முந்தைய முறை சுட்டதில் மிஞ்சிய நெருப்பை அணைப்பார்கள். மருந்துப் பையை வாய்வழியே தள்ளி, குண்டை வைத்து, கோலால் இறுக்குவார்கள். பின்பக்கத் துளையில் ஊசியை விட்டுப் பையைக் குத்தி, பொடி மருந்தைத் தூவுவார்கள். வெடியுப்பில் ஊறவைத்த, மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும் கயிற்றுத் திரியை நீண்ட கோலின் நுனியில் சுற்றி, சற்று விலகி நின்று, அந்தத் துளையில் தொடுவார்கள். ஆங்கிலத்தில் அந்தத் திரிக்கும் தீக்குச்சிக்கும் ஒரே சொல் என்பதால்தான் மொழிபெயர்ப்பில் தீக்குச்சி நுழைந்துவிடுகிறது.

‘பித்தளைப் பீரங்கி’ என்பதும் அப்படி நுழைந்ததே. பழைய ஆங்கிலக் குறிப்புகளில் அப்படித்தான் இருக்கும், ஆனால் அவர்கள் சொன்ன உலோகம் பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் பத்துக்கு ஒன்று என்ற அளவை ஒட்டிக் கலந்த வெண்கலம். பிஜப்பூர்க் கோட்டையில் இருக்கும் 1549-ஆம் ஆண்டின் மாலிக்-இ-மைதான் பீரங்கியும் வெண்கலம்தான். மூலத்தில் என்ன சொல் இருந்தாலும், துத்தநாகம் சேர்ந்தது என்று உறுதியாகத் தெரியாதவரை வெண்கலம் என்றே எழுதலாம்.