ஸ்டீரியோ ஒலியில் இரு சேனல்களின் ஒட்டுறவை அளக்கும் நிரல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

இடது, வலது ஆகிய இரு சேனல்களும் தனித்தனியே நன்றாகப் பதிவாகியிருந்தும், அவற்றைக் கூட்டி ஒற்றை ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்யும்போது ஒரு கருவியின் ஓசை மெலிந்துபோவதும், சில வேளைகளில் முற்றிலும் மறைந்துவிடுவதும் உண்டு. ஒரு சேனலில் அலை மேலே ஏறும் அதே கணத்தில் மற்றதில் கீழே இறங்கினால், கூட்டலில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஹெட்போனில் ஒவ்வொரு காதுக்கும் ஒரு சேனல் தனியாகச் செல்வதால், கேட்பவருக்கு இந்தக் குறை எளிதில் புலப்படாது. அதைக் கண்ணுக்குத் தெரியும் ஓர் எண்ணாக மாற்றுவதற்கே ஒட்டுறவு மீட்டர் பயன்படுகிறது. அந்த மீட்டரின் உள்ளே இருக்கும் நிரலைப் படிப்படியாக எழுதிப் பார்ப்போம். வரிசை, மடக்கு ஆகிய இரண்டும் தெரிந்திருந்தால் போதும். எந்த நிரல்மொழியிலும் மாற்றி எழுதிக்கொள்ள வசதியாக, நிரலைத் தமிழ்ச் சொற்களாலான போலிநிரலாகவே தருகிறேன்.

படி 1: கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

ஒலி அலையின் அளவைக் கணத்துக்குக் கணம் அளந்து எழுதிய எண்களே சாம்பிள்கள். இடது சேனலின் ஒவ்வொரு சாம்பிளையும் அதே நேரத்துக்குரிய வலது சாம்பிளால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது தொகுதி. இடது சாம்பிள்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, வலதுக்கும் அவ்வாறே செய்து, இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது பகுதி. தொகுதியைப் பகுதியால் வகுத்தால் −1 முதல் +1 வரையிலான ஓர் எண் கிடைக்கும், அதுவே ஒட்டுறவு.

இடதில் 0.5, −0.3, 0.2, −0.4 என்றும், வலதில் 0.4, −0.2, 0.3, −0.5 என்றும் நான்கு சாம்பிள்கள் இருப்பதாகக் கொள்வோம். பெருக்கற்பலன்கள் 0.20, 0.06, 0.06, 0.20, அவற்றின் கூட்டுத்தொகை 0.52. இரு பக்கத்து வர்க்கங்களின் கூட்டுத்தொகையும் 0.54. ஆகவே விடை 0.52 ÷ 0.54, அதாவது சுமார் 0.963. வலதின் எல்லாக் குறிகளையும் மாற்றினால் விடை −0.963 ஆகிவிடும். வலதின் ஒலியளவைப் பாதியாகக் குறைத்தால் தொகுதி 0.26 ஆகவும் பகுதி 0.27 ஆகவும் குறைந்து, விடை மீண்டும் 0.963 என்றே நிற்கும். ஒலியளவு மாறினாலும் ஒட்டுறவு மாறாது என்னும் இந்தப் பண்பை நினைவில் வையுங்கள். மீட்டரைத் தவறாகப் படிப்பவர்களில் பலர் இதை மறந்தவர்களே.

புள்ளியியல் பாடத்தில் ஒட்டுறவுக் கெழுவைக் கற்றவர்கள், சராசரியைக் கழிக்காமல் விட்டது ஏன் என்று கேட்கக்கூடும். ஒலி அலை பூச்சியத்தைச் சுற்றியே ஊசலாடுவதால் அதன் சராசரி பெரும்பாலும் பூச்சியம்தான். ஆனால், பழுதான பதிவுக் கருவியால் அலை முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் நிலைமை வேறு. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத, 0.01 அளவுள்ள இரு இரைச்சல்களும் 0.02 நகர்ந்திருப்பதாக வையுங்கள். சராசரிப் பெருக்கற்பலன் 0.0004, சராசரி வர்க்கம் 0.0005 என ஆகி, பூச்சியம் காட்ட வேண்டிய மீட்டர் 0.8 காட்டும். ஐயம் இருந்தால், சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை நீக்கும் வடிகட்டி ஒன்றை இரு சேனல்களுக்கும் முன்னதாகவே இட்டுவிடுங்கள்.

படி 2: சாம்பிள்களைச் சரியாகப் படியுங்கள்

சுருக்கப்படாத வேவ் கோப்பில் சாம்பிள்கள் இடது, வலது, இடது, வலது என்று மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஓரிடம் தவறிப் படிக்கத் தொடங்கினால் இரு சேனல்களும் இடம் மாறுவதோடு, ஒரு சாம்பிள் தள்ளியும் போய்விடும். நிரல் பிழை எதுவும் காட்டாது, எண் மட்டும் சற்றே பொய்யாகும்.

16 பிட் சாம்பிள்களின் எல்லை −32768 முதல் 32767 வரை. அவற்றை 32768ஆல் வகுத்து, −1 முதல் 1 வரையிலான தசம எண்களாக மாற்றிக்கொள்ளுங்கள். முழு எண்களாகவே வைத்துப் பெருக்கலாமே என்று தோன்றும். ஆனால் −32768இன் வர்க்கம் 2இன் 30ஆம் அடுக்கு என்பதால், அப்படிப்பட்ட இரண்டைக் கூட்டினாலே குறியுள்ள 32 பிட் எண் நிரம்பி வழிந்துவிடும்.

படி 3: மூன்று கூட்டுத்தொகைகள்

```
இவ = 0
இஇ = 0
வவ = 0
ஒவ்வொரு சாம்பிள் இணைக்கும்:
    இவ = இவ + இடது × வலது
    இஇ = இஇ + இடது × இடது
    வவ = வவ + வலது × வலது
பகுதி = வர்க்கமூலம்(இஇ) × வர்க்கமூலம்(வவ)
ஒட்டுறவு = இவ ÷ பகுதி
```

கூட்டுத்தொகைகளை இரட்டைத் துல்லிய (64 பிட் தசம) எண்களாக வைத்திருங்கள். இரு வர்க்கமூலங்களையும் தனித்தனியே எடுத்துப் பின் பெருக்கியிருப்பதையும் கவனியுங்கள்: மிக மெல்லிய ஒலியில் இரு சிறிய எண்களை முதலிலேயே பெருக்கினால், விடை எண்வகையின் கீழ் எல்லைக்கும் கீழே சென்று பூச்சியமாகிவிட வாய்ப்புண்டு.

படி 4: மௌனத்தைக் கையாளுங்கள்

மேற்கண்ட நிரல் பாதிதான் முடிந்திருக்கிறது. ஒரு சேனலில் மட்டும் ஒலி இருந்து மற்றது மௌனமாக இருந்தால், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டிய நிலை வரும். நான் முதன்முதலில் எழுதிய மீட்டரில் இதற்குத் தடுப்பு வைத்திருந்தேன்; ஆனால் பூச்சியமா என்று மட்டுமே சோதித்தேன். பாட்டு முடிந்த பிறகும் முள் வெறிபிடித்ததுபோல் ஆடிக்கொண்டிருந்தது, ஏனெனில் கோப்பின் இறுதியில் இருந்தது மௌனம் அன்று, கடைசி பிட்டில் சலசலத்த இரைச்சல். அதன் ஒட்டுறவை மீட்டர் உண்மையாகவே அளந்துகொண்டிருந்தது.

ஆகவே பூச்சியத்தை அன்று, ஒரு வாசல் அளவைச் சோதியுங்கள். 16 பிட்டின் கடைசிப் படி, முழு அளவான 1ஐ 0 டெசிபெல்லாகக் கொண்டால், ஏறத்தாழ −90 டெசிபெல்லில் இருப்பதால், −80 டெசிபெல்லை வாசலாகக் கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். சராசரி வர்க்கத்தில் அது 0.00000001.

```
சராசரி_இடது = இஇ ÷ எண்ணிக்கை
சராசரி_வலது = வவ ÷ எண்ணிக்கை
இரண்டில் ஒன்றேனும் 0.00000001க்குக் கீழ் எனில்:
    விடை "அளக்க இயலாது"
இல்லையெனில்:
    விடை = இவ ÷ பகுதி
    விடையை −1க்கும் +1க்கும் இடையே நிறுத்து
```

சில நிரல்கள் இந்நிலையில் 0 என்று காட்டிவிடுகின்றன. என் கருத்தில் அது தவறு. "தொடர்பு இல்லை" என்பதும் "அளக்க ஒன்றும் இல்லை" என்பதும் வேறு வேறு செய்திகள். கடைசி வரியில் எல்லை கட்டியிருப்பது, தசமத் தோராயத்தால் 1.0000000002 போன்ற விடை வருவதைத் தடுப்பதற்காக.

படி 5: ஓடும் ஒலிக்கு ஏற்ப மாற்றுங்கள்

முழுப் பாட்டுக்கும் ஒரே எண் கிடைத்துப் பயனில்லை. எந்த இடத்தில் சிக்கல் என்று தெரிய வேண்டும். 300 மில்லிவிநாடி அளவுள்ள சாளரம் கண்ணுக்கு உகந்தது. விநாடிக்கு 48000 சாம்பிள்கள் எனில் அது 14400 சாம்பிள் இணைகள். சாளரத்தை நகர்த்துவதற்குப் பதிலாக, பழையதை மெல்ல மறக்கும் சராசரியைப் பயன்படுத்தினால் நினைவகம் மிச்சமாகும்:

```
அ = 1 ÷ 14400
ஒவ்வொரு சாம்பிள் இணைக்கும்:
    இவ = இவ + அ × (இடது × வலது − இவ)
    இஇ = இஇ + அ × (இடது × இடது − இஇ)
    வவ = வவ + அ × (வலது × வலது − வவ)
```

இங்கே மூன்றும் ஏற்கெனவே சராசரிகளாக இருப்பதால், வாசல் சோதனையில் எண்ணிக்கையால் வகுக்கத் தேவையில்லை. மூன்றுக்கும் ஒரே 'அ' இருக்க வேண்டும் என்பது கட்டாயம். ஒன்றை மட்டும் வேகமாக்கினால், விடை +1ஐத் தாண்டாது என்ற கணித உறுதி போய்விடும்.

தொடக்கநிலையினர் அதிகம் செய்யும் தவறு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒட்டுறவைக் கணக்கிட்டுப் பின் அந்த விடைகளைச் சராசரி எடுப்பது. உரத்த துண்டு ஒன்றில் மூன்று கூட்டுத்தொகைகளும் 100, 100, 100 என்றும், அடுத்த மெல்லிய துண்டில் −0.01, 0.01, 0.01 என்றும் இருக்கட்டும். துண்டுகளின் ஒட்டுறவு +1, −1, சராசரி 0. கூட்டுத்தொகைகளைச் சேர்த்த பிறகு வகுத்தாலோ விடை 0.9998. காதுக்குக் கேட்பது இரண்டாவது விடைதான். கூட்டல் முதலில், வகுத்தல் இறுதியில்.

இன்னொரு நுட்பமும் உண்டு. முழு மௌனம் தொடரும்போது இந்தச் சராசரிகள் பூச்சியத்தை நெருங்கிக்கொண்டே போகும். ஒற்றைத் துல்லிய (32 பிட் தசம) எண்களைப் பயன்படுத்தினால், 1இலிருந்து தொடங்கினாலும் சுமார் 26 விநாடிகளில் அவை டினார்மல் எனப்படும் மிகச்சிறு எண்களின் எல்லைக்குள் நுழைந்துவிடும். அவற்றைக் கையாளும்போது பல செயலிகளின் வேகம் வெகுவாகக் குறைகிறது. வாசலுக்கு மிகவும் கீழே சென்றதும் மூன்றையும் பூச்சியமாக்கிவிடுவதே எளிய மருந்து.

படி 6: விடை தெரிந்த ஒலிகளால் சோதியுங்கள்

48000 சாம்பிள் வீதத்தில் 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையின் ஒரு சுழற்சிக்கு மிகச் சரியாக 48 சாம்பிள்கள். இதை இடதில் வைத்து, வலதில் அதையே தாமதப்படுத்தித் தாருங்கள். தாமதம் இல்லையெனில் +1, 8 சாம்பிள் எனில் 0.5, 12 எனில் 0, 24 எனில் −1 வர வேண்டும். படி 3இன் நிரலை 14400 சாம்பிள்களில் ஓட்டினால் சரியாக 300 சுழற்சிகள் அடங்குவதால், விடையில் பிசிறு இராது.

அடுத்து, தனித்தனியே உருவாக்கிய இரு வெண்ணிரைச்சல்களைக் (ஒவ்வொரு சாம்பிளும் தற்போக்கு எண்ணாக உள்ள ஒலிகளைக்) கொடுங்கள். விடை பூச்சியத்தின் அருகே அலையும். 14400 சாம்பிள்களில் அந்த அலைவின் திட்ட விலக்கம் 14400இன் வர்க்கமூலத்தின் தலைகீழ், அதாவது 1 ÷ 120, ஏறத்தாழ 0.008. ஒவ்வொரு முறையும் 0.1க்கு மேல் வந்தால் உங்கள் இரு இரைச்சல்களும் ஒரே விதையிலிருந்து (தற்போக்கு எண்களை உருவாக்கத் தரும் தொடக்க எண்ணிலிருந்து) முளைத்தவையா என்று பாருங்கள்.

படி 7: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இரு சேனல்களும் சம ஆற்றலோடு இருந்தால், அவற்றின் கூட்டலின் ஆற்றல் ஒரு சேனலின் ஆற்றலைப் போல 2 × (1 + ஒட்டுறவு) மடங்காகும். +1 எனில் 6 டெசிபெல் கூடும், 0 எனில் 3 டெசிபெல், −0.5இல் ஒரு சேனலின் அளவே மிஞ்சும்; −1இல் எதுவும் மிஞ்சாது. ஆகவே முள் கணநேரம் பூச்சியத்துக்குக் கீழே தொட்டுவருவது கவலைக்குரியதன்று. அங்கேயே தங்கிவிட்டால்தான் மோனோவில், அதாவது இரு சேனல்களையும் கூட்டி, கேட்டுப்பார்க்க வேண்டும்.

+1 என்றால் ஒலி நடுவில் இருக்கிறது என்று பொருளன்று. ஒரே கிட்டாரை இடதில் 90 விழுக்காடும் வலதில் 10 விழுக்காடும் கொடுத்தாலும் விடை +1தான். படி 1இல் கண்ட பண்பு இதுவே. அதுபோலவே, 12 சாம்பிள் தாமதச் சோதனையில் கண்ட 0, தொடர்பின்மையைக் குறிக்கவில்லை. அங்கே இருந்தது ஒரே அலை.

தாமதம் தொடர்பான சிக்கல் இன்னும் ஆழமானது. 24 சாம்பிள் தாமதம் என்பது 0.5 மில்லிவிநாடி, காற்றில் ஒலி அந்நேரத்தில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் செல்லும். ஒரு கருவியிலிருந்து இரு மைக்குகளுக்குள்ள தொலைவில் இவ்வளவு வேறுபாடு இருப்பது மிக இயல்பு. அப்போது 1000 ஹெர்ட்ஸில் −1 என்றும் 2000 ஹெர்ட்ஸில் +1 என்றும் இருக்க, ஆழ்ந்த அதிர்வெண்களில் பெரும்பாலும் ஆற்றல் மிகுதி என்பதால், மொத்த மீட்டர் அவற்றின் விடையையே பேசும். சேனல்கள் இரண்டையும் ஒரே மாதிரியான வடிகட்டிகளால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ், 200 முதல் 2000 வரை, அதற்கு மேல் என மூன்றாகப் பிரித்து, படி 5இன் நிரலை ஒவ்வொன்றுக்கும் தனியே ஓட்டினால், மறைந்திருந்தது வெளியே தெரியும்.

தாமதத்தின் அளவையே கண்டுபிடிக்க வேண்டுமெனில், வலது சேனலை −100 முதல் +100 சாம்பிள்கள் வரை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் படி 3ஐ ஓட்டி, எங்கே விடை உச்சம் தொடுகிறது என்று பாருங்கள். இதற்குச் சைன் அலையைப் பயன்படுத்தாதீர்கள்: 1000 ஹெர்ட்ஸில் 48 சாம்பிளுக்கு ஒருமுறை அதே உச்சம் திரும்ப வருவதால், உண்மையான தாமதம் எதுவென்று நிரலுக்குத் தெரியாது. மைக்குகளின் முன் ஒருமுறை கைதட்டிப் பதிவுசெய்தால், உச்சம் ஒரே இடத்தில் கூர்மையாக எழும்.