மேற்றிராணியாருக்குள் ராணியைத் தேடாதீர்கள்

திருகோணமலையில் கத்தோலிக்க வீட்டு அழைப்பிதழ் என்றால் 'ஆயர் ஆண்டகை' என்று இருக்கும். அங்கிலிக்கன் வீட்டில் 'அத்தியட்சர்'. அம்மம்மாவுக்கு அவர் இன்னும் மேற்றிராணியார்தான், சிங்கள நண்பருக்கு ரதகுருதுமா, அவசரத்துக்கு எல்லாருக்கும் பிஷப். ஒரே பதவிக்கு இத்தனை பெயர் இருந்தால், வேர் தேடுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் வழுக்குவது சகஜம்.

அதிகம் வழுக்குவது மேற்றிராணியாரில். மேல் + திராணி, அதாவது மேலான வல்லமை உள்ளவர் என்று பிரித்துக் காட்டுவார்கள், புணர்ச்சி விதியும் கச்சிதமாக ஒத்துழைக்கும், இன்னும் சிலர் உள்ளே ஒரு ராணியையே உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் இது தமிழ் வேரே இல்லை. கிரேக்கத்தில் மேத்தர் என்றால் தாய், போலிஸ் என்றால் நகரம். தாய்நகரத்துச் சபைத் தலைவர் மெத்ரோபொலித்தேஸ். சிரியாக் மொழி அதைச் சுருக்கியது, அப்படியே மலையாளத்தில் மெத்ரான், நம்மிடம் மேற்றிராணியார். நம்மூர் மௌலவியிடம் அரபியில் கேட்டால் முத்ரான் என்பார், அதுவும் இதே வீட்டுப் பிள்ளைதான்.

அடுத்தது, பிஷப் என்பதன் நேர் மொழிபெயர்ப்பு ஆயர் என்று நினைப்பது. இல்லை. பிஷப்புக்கு மூலம் கிரேக்க எபிஸ்கோபோஸ்: எபி என்றால் மேலே, ஸ்கோபோஸ் என்றால் பார்ப்பவர். ஆயர் மந்தை மேய்ப்பவர், அது வேறு உவமை. மேற்பார்வை என்ற பொருளைச் சரியாகப் பிடித்தது வடமொழி வழி வந்த அத்தியட்சர். பழைய தமிழ் வேதாகமத்தில் பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள், 'கண்காணிகள்' என்றே இருக்கிறது. கண்காணி! தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் இதே சொல்தான். அதற்காக ஆண்டகையை யாரும் கங்காணி என்று கூப்பிட்டுவிடாதீர்கள். சிங்களத்து ரதகுருவில் கண்ணும் இல்லை மந்தையும் இல்லை, 'அரச குரு' என்கிற மாதிரி ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

ஒலியை நம்புவதும் ஆபத்து. பிரெஞ்சு எவெக், ஆங்கில பிஷப், இரண்டையும் அவர்கள் எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் பொதுவான ஓர் எழுத்துக்கூடக் கிடையாது, ஆனாலும் இரண்டும் எபிஸ்கோபோஸின் பேரப்பிள்ளைகள். போர்த்துக்கீசிய பிஸ்போவும் அப்படித்தான், அது ஆங்கிலத்திலிருந்து வந்ததும் இல்லை, ஆங்கிலத்துக்குப் போனதும் இல்லை.

இதற்கு நேர் எதிர் பாதிரியார். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் பாதிரி இருக்கிறதே, அப்போ இது சங்ககாலச் சொல் என்று ஒருவர் மார்தட்டினால் சண்டைக்குப் போகாதீர்கள், பூ பூதான், பாதிரியார் வேறு. அவர் வந்தது போர்த்துக்கீசியரின் 'பாத்ரே'யிலிருந்து, பொருள் தந்தை. 1620களில் இங்கே கோட்டை கட்டியவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று. சிங்களத்தில் அதே சொல் பாதிலி ஆனது.

ஆங்கிலப் பிரீஸ்ட்டுக்கும் தந்தைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். அது பிரெஸ்புத்தெரோஸ், மூப்பர். நம்மூரில் அந்த மூப்பருக்கு இருபத்தெட்டு வயதாக இருந்தாலும் சரி, ஃபாதர்தான்.