லட்ச ரூபாய் சிடி பிளேயர் வாங்கும் முன்

ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் பல்லாயிரம் பாட்டுகள் அடங்கிவிடும் காலத்தில், எசோடெரிக், அக்யூஃபேஸ் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் பல லட்சம் ரூபாய் விலையில் சிடி பிளேயர்கள் செய்து விற்கின்றன. வாங்கவும் ஆள் இருக்கிறது. அதில் அர்த்தம் உண்டா என்று கேட்டால், சிலருக்கு உண்டு என்பேன். ஆனால் வாங்குகிறவர்களில் பலர் தவறான காரணத்துக்காக வாங்குகிறார்கள். ஒதுக்குகிறவர்களில் பலரும் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள்.

பெரிய தவறு, கொடுக்கும் காசு பெட்டிக்குள் எங்கே போகிறது என்று பார்க்காமல் இருப்பது. பிளேயருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. லேசர் தட்டைப் படித்து எண்களை எடுக்கிறது. டாக் என்ற பகுதி அந்த எண்களை ஒலி சிக்னலாக மாற்றுகிறது. விலையுயர்ந்த மாடல்களில் கணிசமான பணம் படிக்கும் பகுதிக்கும், அதைத் தாங்கும் கனத்த உலோகக் கூடுக்கும் போகிறது. படிக்கும் வேலையோ 1982-லேயே ஏறக்குறைய தீர்ந்துபோன விஷயம். சிடியில் ஒவ்வொரு சானலுக்கும் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். அவற்றை வரிசையாக எழுதாமல் கலைத்துப் பரப்பி, பிழை திருத்தும் தகவலையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அதனால் தடத்தின் நீளவாக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அழிந்துபோனாலும், பிளேயர் மூல எண்களை அப்படியே மீட்டுவிடும். அதற்கு மேல் சேதமானால்தான் அக்கம்பக்கத்து எண்களை வைத்து ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோது சத்தத்தை அடக்கும், அல்லது திக்கும்.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளத்தில், உலகெங்கும் பலர் தங்கள் சிடிகளைக் கம்ப்யூட்டரில் ரிப் செய்து, அதாவது கோப்பாக நகலெடுத்து, கிடைத்த சரிபார்ப்பு எண்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரே அச்சில் வந்த தட்டை ஒருவர் பழைய லேப்டாப்பிலும் இன்னொருவர் வேறு கம்பெனி டிரைவிலும் படித்தால், கடைசி பிட் வரை ஒரே விடைதான். சாதாரண கம்ப்யூட்டர் டிரைவுக்கே இது முடிகிறதென்றால், நல்ல நிலையில் உள்ள தட்டிலிருந்து லட்ச ரூபாய் லேசர் கூடுதலாக எதை எடுத்துவிடப் போகிறது? கனமான கூடு, சத்தமில்லாத டிரே, கையில் பிடித்தால் நிறைவு தரும் ரிமோட், இதெல்லாம் கிடைக்கும். அதற்காகக் காசு கொடுப்பதில் குற்றமில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் சரி.

அப்புறம், கடையில் மாற்றி மாற்றிக் கேட்டு முடிவெடுப்பது. சிடி பிளேயர்களின் வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். சில உயர்ரக மாடல்கள் 2.5 வோல்ட் வரை தருகின்றன. வித்தியாசம் 2 டெசிபெல்லுக்குக் கொஞ்சம் கீழே. அந்த அளவை நம் காது பல சமயம் சத்தம் கூடியதாக உணர்வதில்லை. ‘தெளிவு’, ‘ஆழம்’, ‘பேஸ் இறுக்கம்’ என்றுதான் உணரும். ஆகவே அளவைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டால், சத்தம் கூடியதே ஜெயிக்கும். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எது ஓடுகிறது என்று சொல்லாமல் வேறொருவரை மாற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

தட்டின் பெருமையை பிளேயருக்குக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஓரியண்டல், பிரமிட் நிறுவனங்கள் அந்த நாளில் வெளியிட்ட இளையராஜா சிடிகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள். அதே பாட்டை ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் மட்டமாக இருக்கிறது என்பார்கள். பல சமயம் அது உண்மைதான். ஆனால் அங்கே மாறியிருப்பது மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை. பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் மெல்லிய பகுதிகளையும் உரக்க ஏற்றி, ஏற்ற இறக்கத்தை நசுக்கிவிட்டார்கள். அந்தப் பழைய சிடியை ஃபிளாக் என்ற இழப்பில்லாத கோப்பாக ரிப் செய்து, ஓரளவு நல்ல டாக்கில் கேட்டால் அந்தச் சுகம் முழுதும் அதிலேயே இருக்கும்.

தவறு செய்வதில், கோப்பில் கேட்பவர்களும் சளைத்தவர்கள் இல்லை. எம்பி3-யை ஃபிளாக்காக மாற்றினால் இழந்தது திரும்பாது. எம்பி3-யிலிருந்து எரித்த ஆடியோ சிடிக்கும் அதே கதி. அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டினாற்போல் அலைவரிசை நின்றுவிட்டால் சந்தேகப்படுங்கள். ஆப்பிள் மியூசிக் 2021-லேயே இழப்பில்லாத தரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சாதாரண புளூடூத் ஹெட்போனில் கேட்டால் வழியிலேயே மறுபடி சுருக்கப்படுகிறது.

பழைய உயர்ரக பிளேயர் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்வதற்கு முன், அதன் லேசர் பிக்கப்பின், அதாவது தட்டைப் படிக்கும் பாகத்தின், மாடல் எண்ணைக் கேளுங்கள். ஃபிலிப்ஸும் சோனியும் ஒரு காலத்தில் செய்த பிக்கப்கள் பலவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டது. சந்தையில் கிடைப்பவற்றில் நகல்கள் அதிகம். மாற்று பிக்கப் இல்லாவிட்டால், லேசர் போன அன்றே அது வெறும் பெட்டி. வெளியிலிருந்து டிஜிட்டல் சிக்னல் வாங்கும் வசதி இருந்தாலாவது, உள்ளே இருக்கும் டாக் பிழைத்துக்கொள்ளும்.

சரி, விலையுயர்ந்த பிளேயர் யாருக்குத்தான் பொருந்தும்? என் கணக்கில் முதலில் வருபவர் எஸ்ஏசிடி என்ற சூப்பர் ஆடியோ சிடிகளை வைத்திருப்பவர். 1999-ல் வந்த அந்த வடிவத்தின் உயர்தர அடுக்கை சாதாரண கம்ப்யூட்டர் டிரைவ் படிக்காது; அதற்கு எஸ்ஏசிடி படிக்கும் நல்ல பிளேயர் வேண்டும். அடுத்தவர், ஸ்பீக்கரையும் அறையையும் சரிசெய்து முடித்து, அலமாரியில் நூற்றுக்கணக்கில் சிடி வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்க விரும்புகிறவர். அவருக்கும் நடுத்தர விலையே போதும்.

இன்னொரு தவறு: ரிப் செய்த கையோடு தட்டுகளைத் தள்ளிவிடுவது. எண்பதுகளின் ஜப்பானிய சிடிகள் சிலவற்றில் ப்ரீ-எம்ஃபசிஸ் உண்டு, அதாவது உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதிந்திருப்பார்கள். பிளேயர் தட்டிலுள்ள குறியைப் பார்த்து அதைத் தானே தணித்துவிடும். அந்தக் குறி சில தட்டுகளில் உள்ளடக்கப் பட்டியலில் இல்லாமல், பாட்டின் ஊடே எழுதியுள்ள துணைக்குறியீட்டில் மட்டும் இருக்கும் என்பதால், சில ரிப் மென்பொருள்கள் கவனிக்காமல் விட்டுவிடும். கோப்பு கிரீச்சென்று கேட்டால், தட்டை பிளேயரில் போட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் சாக்ஸ் மென்பொருளில் டீ-எம்ஃபசிஸ் வடிகட்டியைப் போட்டுச் சரிசெய்துவிடலாம்.