பறிபோன யூஎஸ்டிடியின் தடத்தை எதுவரை பிடிக்கலாம்?

டெலிகிராமில் டிரேடிங் ஆசை காட்டி, ரூபாயாகவும் யூஎஸ்டிடியாகவும் (டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் கிரிப்டோ நாணயம்) பணத்தைக் கறந்துவிட்டார்களா? முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். ரூபாயாக வங்கிக் கணக்குக்குப் போன தொகையை, எடுத்துவிடுவதற்குள் முடக்க ஒரு வாய்ப்பு உண்டு. மற்றதெல்லாம் பிறகு.

அடுத்து, உங்கள் வாலெட்டின் (கிரிப்டோவை வைத்து அனுப்பும் செயலி) பரிவர்த்தனைப் பட்டியலில் 64 எழுத்துள்ள ஹாஷை, அதாவது அந்தப் பரிவர்த்தனையின் அடையாளக் குறியீட்டைக் காப்பி செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. ஓர் எழுத்து மாறினாலும் தேட முடியாது. டிரான் என்ற கிரிப்டோ வலையமைப்பு வழியாக அனுப்பியிருந்தால், அதன் பரிவர்த்தனைகளைக் காட்டும் டிரான்ஸ்கேன் தளத்தில் அந்த ஹாஷைப் போடுங்கள். அனுப்பிய வாலெட் முகவரி, பெற்ற வாலெட் முகவரி, தொகை, நேரம் எல்லாம் யார் பார்வைக்கும் திறந்தே கிடக்கும். நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெற்ற முகவரியைத் தட்டி, டோக்கன் பரிமாற்றங்கள் என்ற பட்டியலில் உங்கள் தொகைக்குப் பின் வெளியேறியவற்றைத் தொடருங்கள். ஒரு முகவரியிலிருந்து அடுத்ததற்குப் பணம் போகும் ஒவ்வொரு தாவலுக்கும் ஹாஷ், தொகை, நேரம் எழுதிவையுங்கள். இடையில் பூஜ்யம் அல்லது சில்லறைத் தொகையோடு, முதல் சில எழுத்துகளும் கடைசிச் சில எழுத்துகளும் ஒத்துப்போகும் முகவரிகள் வரும். ஏமாற்றத்தான் அனுப்பியிருப்பார்கள், முழு முகவரியையும் ஒப்பிடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் நிறுவனம்) பெயர் ஒட்டிய முகவரி வந்ததும் நிறுத்துங்கள். அந்த முகவரிக்குள் எல்லார் பணமும் கலந்துவிடும். மேலே தொடர்ந்தால் சம்பந்தமில்லாதவரைத்தான் பிடிப்பீர்கள். அதற்கு முந்தைய முகவரிதான் முக்கியம்: அது யாருடைய கணக்கு என்று எக்ஸ்சேஞ்சின் கேஒய்சியில் (வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்கள்) இருக்கும், கேட்கும் அதிகாரம் போலீசுக்கு. 2023 மார்ச் முதல் இந்தியாவில் கிரிப்டோ சேவை தருவோர் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் என்றால் பதில் இழுக்கும். பணம் இன்னும் தனி வாலெட்டில் இருந்தால், போலீஸ் கேட்டு, யூஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனம் அதை முடக்க முடியும். பிட்காயினில் அப்படி முடக்க ஆளே இல்லை. பரிவர்த்தனை விவரங்களை மறைக்கும் மொனீரோ நாணயத்துக்கு மாறியிருந்தால் தடம் அநேகமாக அங்கேயே அறுந்துவிடும்.

சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிந்து, ஒப்புகை எண்ணோடு தாவல் பட்டியலையும் வங்கி ஸ்டேட்மென்டையும் அச்செடுங்கள். ஓசூர், ஊத்தங்கரைக்காரர்கள் கிருஷ்ணகிரி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும், பாலக்கோடு, அரூர்க்காரர்கள் தருமபுரிக்கும் கொண்டுபோகலாம்.

‘மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று வருபவன் பெரும்பாலும் அதே கும்பல்தான். வாலெட்டையே திறந்துவிடும் பன்னிரண்டு சொல் சீட் பிரேஸை (ரகசியச் சொல்வரிசை) யார் கேட்டாலும் தராதீர்கள். போலீசுக்கும் அது தேவையில்லை.