இடுப்பும் கழுத்தும் ஏன் போகின்றன: மருத்துவமனைப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம், “முழங்காலை மடக்கு, முதுகை நேராக வைத்துத் தூக்கு.” அட்டைப்பெட்டியைத் தூக்க அது உதவும். ஆனால் நோயாளியின் உடலில் கைப்பிடி கிடையாது, எடை ஒரு பக்கமாகச் சாயும், பாதியில் அவர் பயந்துபோய்க் கையை உதறுவார். தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைந்துவிடுவதில்லை என்று ஆய்வுகளும் காட்டிவிட்டன. தூக்காமல் எப்படி நகர்த்துவது என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும்.

எடையைக் குறைத்து மதிப்பிடுவது அடுத்த தவறு. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் (NIOSH) கணக்கீட்டை வைத்து, ஒத்துழைக்கும் நோயாளியைக் கையால் தூக்குவதற்கு வகுக்கப்பட்ட உச்சவரம்பு 35 பவுண்டு, சுமார் 16 கிலோ. ஒரு காலின் எடை மொத்த உடல் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம். ஆக, 100 கிலோ நோயாளியின் ஒற்றைக் காலே வரம்பைத் தொட்டுவிடும். கட்டு மாற்றி முடிக்கும்வரை அந்தக் காலை ஒருவர் ஏந்திக்கொண்டே நிற்பார். அதைப் பளு என்று யாரும் எண்ணுவதே இல்லை. கால்தாங்கியோ, சுருட்டிய போர்வையோ அந்த வேலையைச் செய்யட்டும்.

படுக்கையில் சரிந்துவிட்டவரை மேலே ஏற்றும்போதுதான் பலருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கட்டில் தாழ்ந்தே இருக்கும், தலைமாடு உயர்ந்தே இருக்கும், இருவர் அக்குளில் கைகொடுத்து இழுப்பார்கள். தலைமாடு உயர்ந்திருந்தால் மேட்டில் இழுப்பது போலத்தான். அக்குள்பிடியில் நோயாளியின் தோள்மூட்டும் கெடும். பக்கவாதம் வந்தவருக்கு இன்னும் ஆபத்து.

முதலில் சக்கரங்களைப் பூட்டுங்கள். இருவரில் குள்ளமானவரின் இடுப்பு உயரத்துக்குக் கட்டிலை ஏற்றுங்கள். மூச்சுத்திணறல், குழாய்வழி உணவு போன்ற தடை இல்லையென்றால் தலைமாட்டை இறக்கித் தட்டையாக்குங்கள். நோயாளியை ஒருக்களிக்க வைத்து, தோளிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை வருமாறு ஸ்லைட் ஷீட்டை, அதாவது உராய்வைக் குறைக்கும் வழுவழுப்பான விரிப்பை, அடியில் செருகுங்கள். முடிந்தவர் என்றால் முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி அவரே உந்தட்டும். நீங்கள் ஒரு காலை முன்னே வைத்து நின்று, உடல் எடையை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாற்றியே நகர்த்துங்கள். தோள்பட்டையால் இழுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் ஷீட்டை உருவி எடுத்துவிட வேண்டும். மறந்தால் நோயாளி மறுபடியும் வழுக்கிக் கீழே வந்துவிடுவார். சாதாரணப் படுக்கை விரிப்பைப் பிடித்து இழுப்பது இதற்கு ஈடாகாது: உராய்வு குறையாது, அவர் தோலும் உரியும்.

விழுந்துகொண்டிருப்பவரைத் தாவிப் பிடிப்பதும் இயல்பான தவறுதான். உங்கள் கை ஏற்கெனவே அவர்மேல் இருந்தால், உடலோடு ஒட்டித் தரைவரை மெதுவாக வழுக்கவிடுங்கள். தலைக்கு இடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு காயம் பார்த்துவிட்டு, நோயாளியைத் தூக்கும் இயந்திரமான ஹாய்ஸ்டால் எழுப்புங்கள். பேட்டரி தீர்ந்து ஸ்டோர் ரூமில் கிடக்கும் ஹாய்ஸ்ட் இருந்தும் பயனில்லை. சார்ஜ் பார்ப்பது டூட்டி மாறும்போது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

இடுப்புப் பெல்ட் கட்டிக்கொண்டால் அதிகம் தூக்கலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. காயத்தைத் தடுக்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என 1994-லேயே நியாஷ் கூறிவிட்டது.

ஆபரேஷன் தியேட்டரில் சிக்கல் வேறு: அங்கே பளுவைவிட அசையாமல் நிற்பதுதான் வதைக்கிறது. திறந்த அறுவைக்கு வைத்த மேசை உயரத்தை லேப்ராஸ்கோபிக்கும் (சிறு துளை வழியே, திரையைப் பார்த்துச் செய்யும் அறுவை) அப்படியே விட்டால், நீளமான கருவிகளால் முழங்கை உயர்ந்து தோள் இறுகும். கருவியின் கைப்பிடி முழங்கை மட்டத்தில் வரும்வரை மேசையை இறக்குங்கள். மானிட்டர் நேர் எதிரே, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு நிமிடம் கழுத்தையும் தோளையும் நீட்டி மடக்குவதால் கை சுத்தம் கெடாது. எக்ஸ்ரே கதிரைத் தடுக்க ஈய ஏப்ரன் அணிபவர்கள் ஒற்றை அங்கிக்குப் பதில் மேல்சட்டை, பாவாடை என இரண்டாகப் பிரிந்ததை எடுத்தால், எடையில் ஒரு பங்கு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி: நோயாளியை உங்கள் பக்கத்து ஓரத்துக்கு வரச் சொல்லுங்கள். மேல்கை உடலைவிட்டு 30 டிகிரிக்கு மேல் விலகினால் தோள் தசைக்கு ஓய்வே இருக்காது.

வலி வந்தபின் செய்யும் தவறுகள் தனி. மாத்திரை போட்டுக்கொண்டு அதே வேலையைத் தொடர்வது ஒன்று, நாள்கணக்கில் படுத்தே கிடப்பது இன்னொன்று. சாதாரண இடுப்புவலிக்கு நடமாட்டமே நல்லது. பளுவை மட்டும் சில நாள் தவிர்க்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இரவில் மரத்துப் போனால் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர் போவது தெரியாமல் போவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, கால் பலவீனமாவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டூட்டி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.