பன்றிப் பண்ணையில் லாசோனியா எவ்வளவு பரவியிருக்கிறது? அளந்து பார்க்கும் முறை

கழிச்சல் போகும் பன்றிகளை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். லாசோனியா இன்ட்ராசெல்லுலாரிஸ் என்ற குடல் பாக்டீரியா தொற்றிய பன்றிகளில் பல, பார்வைக்கு நன்றாகவே இருக்கும். தீவனம் தின்னும், எடைதான் சரியாக ஏறாது. ஒரே நாளில் பால் மறக்கடித்த குட்டிகள் பெரிசும் சிறிசுமாக வளர்ந்து நின்றால் சோதித்துவிடுங்கள்.

கிருமி இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமா? மந்தையில் 10 சதவீதத்துக்குத் தொற்று இருந்தால், 29 பன்றிகளைச் சோதித்தாலே 95 சதவீத உறுதியோடு பிடித்துவிடலாம். 5 சதவீதம்தான் என்றால் 59 வேண்டும். எத்தனை சதவீதம் என்று 10 புள்ளி முன்பின்னாகச் சொல்ல, 96 வரை தேவைப்படும். 30 மாதிரியில் 6-ல் கிருமி தெரிந்தால் 20 சதவீதம் என்று எழுதி முடித்துவிடாதீர்கள். உண்மையான அளவு 8 முதல் 39 சதவீதத்துக்குள் எங்கும் இருக்கலாம். கைக்கு எளிதில் சிக்கும் நோஞ்சான்களையே பிடித்தால் அளவு கூடிக் காட்டும். காது எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 8, 12, 16, 20 வாரக் குட்டிகளைத் தனித்தனிக் குழுவாக வையுங்கள். எந்த வயதில் தொற்று ஏறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

சாணத்தை ஆசனவாயிலிருந்தே எடுக்க வேண்டும், 5 முதல் 10 கிராம், பன்றிக்கு ஒரு புதுக் கையுறை. தரையில் கிடப்பது யாருடையது என்று தெரியாது. மூடி போட்ட டப்பாவில் காது எண், வயது, தேதி எழுதி, ஐஸ் பெட்டியில் மறுநாளுக்குள் ஆய்வகம் சேர்த்துவிடுங்கள். மருந்து கலந்த தீவனம் போட்டிருந்தால் கிருமி வெளியேறுவது குறையும், முடிவு பொய்யாக நல்லதாய் வரும். அதையும் எழுதி அனுப்புங்கள்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியது பிசிஆர், அதாவது கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை. இந்தக் கிருமி குடல் செல்லுக்குள் மட்டுமே பெருகும், சாதாரண வளர்ப்புத் தட்டில் முளைக்காது. ஆகவே 'கல்ச்சரில் ஒன்றும் இல்லை' என்ற அறிக்கையை லாசோனியா இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரிய, தொற்றி இரண்டு மூன்று வாரம் ஆகும். அது தொற்று வந்துபோனதைச் சொல்லும், இப்போது கிருமி வெளியேறுகிறதா என்பதைச் சொல்லாது.

அறுப்பின்போது சிறுகுடலின் கடைசிப் பகுதியை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். நோய் முற்றியிருந்தால் சுவர் ரப்பர் குழாய் மாதிரி தடித்து, உட்புறம் மடிப்பு மடிப்பாக இருக்கும்.

கடும் காய்ச்சலும் திடீர்ச் சாவும் சேர்ந்து ரத்தக் கழிச்சல் கண்டால் மட்டும் அறுக்கவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.