மடக்குக் கத்தி இறுகிப் போனால்

பூட்டில்லாத பழைய பாணி மடக்குக் கத்தி திறக்க முரண்டு பிடித்தால் முதுகுவில்லை, அதாவது கைப்பிடியின் முதுகுப் பக்கம் அலகை அழுத்திப் பிடிக்கும் எஃகு வில்லை, குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் அலகு சுழலும் ஆணியைச் சுற்றி அடைந்த பஞ்சும் பிசினான எண்ணெயும்தான் காரணம்.

வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஆணிப் பக்கத்தை மட்டும் நனைத்து, பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுவேன். சோப்பு வழுக்கும், விரல்கள் அலகின் பாதையில் வரவே கூடாது. கறுப்பாகக் கசடு கசியும். அது நிற்கும்வரை தொடரவும். இடுக்கில் இருப்பதைப் பல்குச்சியால் எடுக்கலாம். ஊற வைக்காதீர்கள், எலும்பு, மரக் கைப்பிடிகள் விரிசல் விடும்.

நன்றாக உலர்த்துவது முக்கியம். கார்பன் எஃகு ஒரே இரவில் துருப்பிடிக்கும். பிறகு ஆணியில் ஒரே ஒரு சொட்டு மினரல் ஆயில். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது நாளடைவில் பிசினாகி மறுபடி இறுக்கும்.

சுத்தம் செய்தபின் அலகு பக்கவாட்டில் ஆடினால் ஆணி தளர்ந்திருக்கிறது. இரும்புக் கட்டைமேல் வைத்து, ஆணியின் இரு முனையையும் சிறு சுத்தியலால் லேசாகத் தட்டவும். இரண்டு தட்டுக்கு ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அதிகம் தட்டினால் அலகு மீண்டும் இறுகிவிடும்.